பூக்குழி சுடவில்லை என்று நினைத்தேன்

இதை எழுத உட்கார எனக்கு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பாதி வெட்கம், பாதி கோபம். ஆனால் போன மாதம் எங்கள் கோவிலில் காப்புக் கட்ட வந்த ஒரு பெண்ணின் குதிகாலில் முள் குத்தி இருந்ததையும், அது அவளுக்கே தெரியாமல் இருந்ததையும் பார்த்த பிறகு இனிமேல் சும்மா இருக்கக்கூடாது என்று தோன்றியது. நான் மொரிஷியஸின் தெற்குப் பக்கம் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறேன். அரசு ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 53. சர்க்கரை வந்து 12 வருடம். 21 வயதிலிருந்து பூக்குழி இறங்குகிறவள், அதாவது தீமிதியில் தணல் மேல் நடக்கிறவள். இடது காலில் இரண்டாவது விரல் இப்போது இல்லை.

எங்கள் வீட்டில் தீமிதி என்பது பாட்டி காலத்து வழக்கம். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் இந்தத் தீவில் ஒவ்வொரு ஊர் மாரியம்மன் கோவிலாகத் தீமிதி நடக்கும். காப்புக் கட்டி 10 நாள் விரதம், தரையில் பாய், கவுச்சி கிடையாது, கடைசி நாள் மஞ்சள் புடவை, தலையில் கரகம் அல்லது பால்குடம். இறங்கும்போது அம்மன் தன் முந்தானையைத் தணல் மேல் விரித்துக் கொடுப்பாள் என்று பாட்டி சொல்வாள். அதை நம்பித்தான் முதல் தடவை இறங்கினேன். சுட்டது, ஆனால் பொறுக்க முடிந்தது. தணலைத் தாண்டியதும் கால் வைக்கப் பால் ஊற்றி வைத்திருக்கும் பால்குழியில் கால் வைத்ததும் அழுகை வந்தது. அந்த அழுகைக்காகவே அடுத்த வருடமும் இறங்கினேன் என்று சொன்னால் தீமிதித்தவர்களுக்குப் புரியும்.

நான் சொல்லப்போகிற வருடம் எனக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. என் மகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்து மூன்றாவதாகத் தங்கியது. குழந்தை நல்லபடி பிறந்தால் இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். செப்டம்பரில் பேத்தி பிறந்தாள். டிசம்பர் கடைசியில் காப்புக் கட்டிக்கொண்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சாமி காரியத்துக்கு டாக்டரிடம் எதற்கு உத்தரவு கேட்க வேண்டும் என்ற நினைப்புதான். என் எல்லாத் தொல்லையும் அந்த ஒரு நினைப்பில்தான் ஆரம்பித்தது.

நான் இரண்டு மாத்திரை சாப்பிட்டு வந்தேன், மெட்ஃபார்மினும் கிளிக்கிளாசைடும். விரதத்தில் ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் சாயங்காலம். ஆனால் மாத்திரையைப் பழக்கப்படி காலையிலேயே போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பத்து மணி இருக்கும், கோவிலில் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. உடம்பு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, எதிரில் இருந்தவர்களின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று என் கையில் வேப்பிலையைக் கொடுத்தார்கள். யாரோ என் காலில் விழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிரசாதப் பானகம் குடிக்கக் கொடுத்தார்கள், பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டேன். அருள் வருவதே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கும் வந்திருக்கிறது, அது எப்படி இருக்கும் என்று தெரியும். அன்றைக்கு வந்தது அது இல்லை. அது சர்க்கரை இறங்கிப்போனது. என்னைத் தெளியவைத்தது பானகத்தில் இருந்த வெல்லம். இது எனக்குள்ளே அப்போதே தெரியும் என்பதுதான் வேதனை. தெரிந்தும், என் காலில் விழுந்தவளிடம் இது மாத்திரைக் கோளாறு அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பயத்தில் மீதி ஏழு நாளும் இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். இதைப் படிக்கிற யாராவது விரதம் இருக்கப் போகிறீர்கள் என்றால் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். எல்லாச் சர்க்கரை மாத்திரையும் ஒன்று இல்லை. கிளிக்கிளாசைடு மாதிரி மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பை இன்சுலின் சுரக்கவைக்கும், அதனால் வெறும் வயிற்றில் அது ஆபத்து. மெட்ஃபார்மின் தனியாக அப்படி இறக்குவது அபூர்வம். எதை எந்த வேளைக்கு மாற்றுவது, எதைக் குறைப்பது என்பதை டாக்டர் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். என் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா ஒவ்வொரு ரமலானுக்கும் ஒரு மாதம் முன்னாலேயே மாத்திரைச் சீட்டோடு போய் நேரத்தை மாற்றி எழுதி வாங்கி வருவார். நோன்பும் விடமாட்டார், மாத்திரையும் விடமாட்டார். இருபது வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த விஷயம், நான் ஒரு நாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

தீமிதி நாள் சாயங்காலம் ஐந்து மணி. தணலை மூங்கிலால் பரத்தி விட்டிருந்தார்கள். நான் இறங்கினேன். இதைத்தான் ஒருவரிடமும் சொல்லாமல் மனதுக்குள் பொத்தி வைத்திருந்தேன்: அன்றைக்கு எனக்குச் சுடவே இல்லை. 30 வருடத்தில் முதல் தடவை, வெயிலில் காய்ந்த மணலில் நடப்பது போலக்கூட இல்லை. அம்மன் முந்தானை விரித்துவிட்டாள், பேத்தியையும் கொடுத்து இதையும் கொடுத்தாள் என்று உருகிப்போனேன். பால்குழிக்குப் போகாமல் கரையிலேயே நின்று கற்பூரம் பார்த்து கும்பிட்டேன். பிறகுதான் பாலில் கால் வைத்தேன். அந்த நேரம் முழுக்க என் இடது காலில் இரண்டாவது விரலுக்கும் மூன்றாவது விரலுக்கும் நடுவே கொட்டைப்பாக்கு அளவு தணல் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டு எரிந்துகொண்டிருந்தது. விரல் இடுக்கில் தணல் மாட்டுவது எல்லோருக்கும் நடக்கும். உணர்ச்சி இருக்கிறவர்கள் அடுத்த அடியிலேயே உதறிவிடுவார்கள். எனக்கு உதறத் தோன்றவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியவே இல்லை.

தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வருடம் முன்னாலிருந்தே கால் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சவாட் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் செருப்பு ஒரு நாள் வழியிலேயே கழன்றுவிட்டது, நான் ஒற்றைச் செருப்போடு பள்ளிக்கூட வாசல் வரை நடந்திருக்கிறேன், ஒரு பிள்ளை சொல்லித்தான் குனிந்து பார்த்தேன். ராத்திரி பாதம் எரியும். குளித்துவிட்டு வந்தால் தரை பஞ்சு மாதிரி இருக்கும், காலுறை போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி. வயசாகிறது என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு இதில் ஒன்று இருந்தாலும் தயவுசெய்து விடாதீர்கள். சர்க்கரை கூடிக்கொண்டே இருந்தால் நரம்பு கெடும், உடம்பில் ஆக நீளமான நரம்பு பாதத்துக்குப் போகிற நரம்பு, அதனால் அங்கேதான் முதலில் தொடங்கும். வலி இல்லாமல் போவதுதான் இந்த நோயின் மோசமான அடையாளம். அதைத்தான் நான் அருள் என்று எடுத்துக்கொண்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மெட்ஃபார்மினை வருடக் கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து அதனாலும் கால் மரத்துப்போகும், ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

தீமிதி முடிந்த மூன்றாம் நாள் பாயில் ஈரக்கறை பார்த்தேன். விரல் இடுக்கு வெந்து வெள்ளையாக இருந்தது. அப்போது வந்தது பயம் இல்லை, வெட்கம். எங்கள் ஊரில் கால் வெந்தவளைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மற்றவர்களைப் பற்றி நானே பேசியிருக்கிறேன். விரதத்தில் குறை, தீட்டு, மனதில் கள்ளம். அந்தப் பத்து நாளை நானே குடைந்து குடைந்து பார்த்தேன். யாரைத் திட்டினேன், யார் வீட்டில் தண்ணீர் குடித்தேன், மருமகனிடம் முகம் கடுத்தது கணக்கில் வருமா என்று. கணவரிடம்கூடக் காட்டவில்லை. அவர் தோட்டத்திலிருந்து வருவதற்குள் துணி சுற்றிக் காலுறை போட்டுவிடுவேன். 11 நாள் இப்படி மறைத்தேன். பிறகு வேறு ஊரில் ஒரு வைத்தியக்காரரிடம் தனியாகப் போனேன். ஒரு எண்ணெய், ஒரு பொடி, 9,000 மொரிஷியஸ் ரூபாய். தண்ணீர் படக்கூடாது, டாக்டர் கையில் கொடுத்தால் வெட்டிவிடுவார்கள் என்றார். வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் நான் கடத்திய நாள்தான் கடைசியில் வெட்டவைத்தது. அப்புறம் ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று தடவை, 14,500 ரூபாய், ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், ஒரு தடவைகூட எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி குளிர்க்காய்ச்சல் வந்து கணவர் காலுறையைக் கழற்றிப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. காரை எடுத்தார். அரசு மருத்துவமனையில் சர்க்கரை 22 காட்டியது (இது mmol/L அளவு, mg/dL கணக்கில் ஏறத்தாழ 400), விரல் கறுத்திருந்தது, எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருந்தது. மறுநாள் விரலை எடுத்தார்கள். இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை, அந்த வார்டில் என்னைப் பார்த்து ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. யாரும் தீட்டு பற்றிக் கேட்கவில்லை.

பாதத்தைச் சோதித்த நர்ஸ் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, படும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆகியும் அவர் தொடங்கவில்லையே என்று கண்ணைத் திறந்து, எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டு காலிலும் முடித்துவிட்டேன் அம்மா என்றார். விரல் போனபோது வராத அழுகை அப்போது வந்தது. முந்தானை விரித்தது யார் என்று எனக்கு அந்தக் கட்டிலில்தான் தெரிந்தது.

கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் கட்டு மாற்ற 46 தடவை டாக்ஸியில் போய் வந்தது 27,600. மருத்துவச் செருப்பு 11,000. நான்கு மாதம் டியூஷன் எடுக்க முடியாமல் போனது 32,000. வைத்தியக்காரரும் கிளினிக்கும் சேர்த்தால் மொத்தம் 94,100 ரூபாய். பள்ளிக்கூடம் நான்கு மாதம் போகவில்லை. முதல் வாரமே போயிருந்தால் கட்டோடு முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டில் படுத்திருந்தபோது என் அண்ணன் மகன் வருவான். மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிறான். தணல் ஏன் சுடுவதில்லை என்று ஒரு நாள் விளக்கினான். "அத்தை, நீங்க டோல் பூரி சுடும்போது தவாவுக்கு மேலே கையை நீட்டினா பொறுக்கும், தவாவைத் தொட்டா வெந்துடும். எவ்வளவு சூடா இருக்குங்கிறது வேற, அந்தச் சூடு எவ்வளவு வேகமா கைக்கு வருதுங்கிறது வேற" என்றான். கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், எடை குறைவு என்பதால் அதில் தேங்கியிருக்கும் வெப்பமும் கொஞ்சம்தான், மேலே படிந்த சாம்பல் இன்னொரு தடுப்பு, ஒரு அடிக்கு ஒரு நொடிகூடப் பாதம் தங்குவதில்லை. 1935இல் இங்கிலாந்தில் குடா பக்ஸ் என்ற காஷ்மீர்க்காரரைத் தணலில் நடக்கவிட்டு விஞ்ஞானிகள் இதையெல்லாம் அளந்து பார்த்திருக்கிறார்கள் என்றான். எனக்கு ஆத்திரம் வந்தது. "அப்போ உன் கொள்ளுப்பாட்டி ஏமாந்தவளா?" என்று கத்தினேன். அவன் எழுந்து போய்விட்டான். பல வாரம் நான் பூஜை அறைப் பக்கமும் போகவில்லை. பேத்தியைக் கொடுத்துவிட்டு விரலை வாங்கிக்கொண்டாள் என்று அம்மன் மேலும் கோபம். இரண்டு பக்கமும் பேச்சு இல்லாமல் நடுவில் கிடந்தேன்.

மெல்ல மெல்லத்தான் எனக்குப் பிடிபட்டது. அவன் சொன்னதை எங்கள் கோவில் பெரியவர்கள் செய்கையில் வைத்திருக்கிறார்கள். தணலைத் தட்டிச் சமமாகப் பரத்துவது, ஆணியும் கல்லும் பொறுக்கி எடுப்பது, நடுவில் நிற்காதே என்று பூசாரி அதட்டுவது, கரையேறியதும் நேரே பாலில் கால் வைக்கச் சொல்வது. நான் அந்தக் கடைசி விதியை மீறி நின்றேன். அவர்களுக்கு வெப்பக் கடத்தல் என்ற சொல் தெரியாது, கால் தெரியும். ஆனால் அதே பெரியவர்கள் சொன்ன இன்னொன்று, சுத்தமானவளைத் தீ சுடாது என்பது, உண்மை இல்லை. அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட வேண்டும். அது சோதித்துப் பார்க்கக்கூடிய பேச்சு, சோதித்தால் நிற்காது. குடித்துவிட்டு இறங்குகிறவன் கால் தப்பிக்கும், பத்து நாள் பட்டினி கிடந்தவள் கால் வேகும். அளந்து பார்க்கக்கூடிய ஒன்றைப் பற்றிப் பக்தி பேசினால், அளவு என்ன சொல்கிறதோ அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அந்த ஒரு பேச்சை விட்டுவிட்டதில் என் பக்தி குறையவில்லை. என் வெட்கம்தான் போனது, 11 நாள் என்னைக் காலுறைக்குள் ஒளியவைத்த வெட்கம்.

மறுபடி அண்ணன் மகன் வந்தபோது அவனிடம் சொன்னேன், நீ சொன்னது தணலைப் பற்றிச் சரி, ஆனால் பாட்டி ஏன் இறங்கினாள் என்பதை நீ சொல்லவே இல்லையே என்று. அவளுக்கு நான்கு பிள்ளை செத்து ஐந்தாவது தங்கியது, அதற்காக இறங்கினாள். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் நிற்கிற மனதுக்குக் கரியின் கணக்கு பதில் ஆகாது. அவன் அதை ஒத்துக்கொண்டான். அம்மை நோய்க்குப் பயந்துதான் மாரியம்மனைக் கும்பிட ஆரம்பித்தார்கள் என்று சொல்வார்கள். 1980இல் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, அது தடுப்பூசியால். அதற்காக எங்கள் ஊரில் ஒரு கோவிலும் பூட்டப்படவில்லை, தடுப்பூசி போட்டவர்கள் அம்மனுக்குத் துரோகம் செய்ததாகவும் யாரும் நினைக்கவில்லை. அம்மை விஷயத்தில் நம் பாட்டிமார் தீர்த்துக்கொண்டதை நாம் சர்க்கரை விஷயத்தில் இன்னும் தீர்த்துக்கொள்ளாமல் இருக்கிறோம்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவலாம். தினமும் ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு பாதத்தையும் பார்க்கிறேன், விரல் இடுக்கை விரித்துப் பார்க்கிறேன். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் காலை வைக்கிறேன். செருப்புக்குள் கையை விட்டுத் துழாவாமல் போடுவதில்லை. வெறுங்காலோடு நடப்பதே இல்லை, இங்கே ஜனவரிதான் கோடை, அந்த வெயிலில் தார்ச்சாலையே சுட்டுவிடும். வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த நைலான் இழைச் சோதனை. புண் என்று ஒன்று தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை. விரதம் இருக்கிறேன், சர்க்கரைப் பரிசோதனைக் கருவியைப் பையில் வைத்துக்கொண்டு, டாக்டர் எழுதிய நேரத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு. கை நடுங்கினால் யார் என்ன சொன்னாலும் உட்கார்ந்து முதலில் விரலைக் குத்திப் பார்க்கிறேன்.

கோவிலில்தான் சிக்கல் இருந்தது. வெறுங்காலோடு நடக்கக்கூடாது, செருப்போடு உள்ளே போகக்கூடாது. மூன்று மாதம் வாசலில் நின்றே கும்பிட்டேன். பிறகு பூசாரியிடம் காலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அருள் என்று நினைத்தது சர்க்கரை என்பதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். "தெருவில் படாத செருப்பாக இருக்கட்டும்மா, கோவிலுக்கு மட்டும்" என்றார். நிர்வாகக் குழுவில் காப்புக் கட்டும் நாளன்று கால் சோதனை வைக்கலாம் என்று கேட்டேன். இருவர் சரி என்றார்கள், ஒருவர் அது நம்பிக்கைக் குறைவு என்று எழுந்து போய்விட்டார். அவரிடம் நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம் அந்த நர்ஸ் தன் விடுமுறை நாளில் வந்தார். குதிகாலில் முள்ளோடு வந்த பெண்ணைக் கண்டுபிடித்தது அவர்தான். அவள் இந்த வருடம் இறங்கவில்லை, பால்குடம் மட்டும் எடுத்தாள். அழுதாள், எனக்கு அது புரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளைத் துணியில் என் மகள் தைத்துக் கொடுத்த செருப்பு ஒரு ஜோடி கோவில் மடப்பள்ளி அலமாரியில் இருக்கிறது. உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை போனால் மஞ்சள் தண்ணீரில் காலைத் துடைத்து, இடுக்கெல்லாம் ஒற்றி உலர்த்தி, அதைப் போட்டுக்கொண்டு சுற்றி வருகிறேன். பேத்தி இப்போது நடக்கிறாள். வெறுங்காலோடு எனக்கு முன்னால் ஓடுகிறாள்.